நிற்காமல் ஓட நான் கட்டிய கார்

“...அதான் கேக்கறேன், நிக்கவே நிக்காம ஓடினா உன் காரு எப்ப நைனா தண்ணி குடிக்கும்?”

கேட்டது எங்கள் ஆபீஸ் அக்கா, பீரோவும் ரிஜிஸ்டரும் பார்த்துக்கொள்பவர். பொன்னேரியிலிருந்து ரயிலில் வருபவர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்பைக் காய்ச்சி அடிக்கும் கம்பெனி ஒன்றில் நான் டிராயிங் டிரெய்னி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் டிபன் டப்பாவோடு என் கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். உடன் படித்தவன் ஒரு சிடி கொடுத்திருந்தான். கார் கட்டும் விளையாட்டு. சட்டம், இன்ஜின், பிரேக், டேங்க் எல்லாம் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை, தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன்.

நான் கட்டியது அறுபதுகளின் பந்தயக் கார். நீள மூக்கு, உருண்டை விளக்குகள். இருபத்துநாலு மணி நேரப் பந்தயம். விளையாட்டில் ஒரு மணி என்பது ஒரு நிமிடம். சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடும்.

“நாள் பூரா ஓடி, பொறப்பட்ட எடத்துலயே வந்து நிக்கறதுக்கா இவ்ளோ பேஜாரு?” என்று அக்கா முதல் நாளே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே டிப்ளமோ சர்டிபிகேட் ஒரிஜினலை வாங்கி ஆபீஸ் பீரோவில் பூட்டிவிட்டார்கள். வேலையை விட்டுப் போக மாட்டேன் என்று எழுதிக்கொடுத்த மூன்று வருஷ பாண்டு முடிந்தால்தான் கைக்கு வரும். பேட்டையில் பல பேருக்கு இதே கதைதான். “தலைய புடிச்சி வெச்சிக்கினு வாலை அவுத்து உட்டுக்கிறாங்க. எங்க ஓடுவே?” என்று கேன்டீனில் ஒரு வெல்டர் சொன்னார். அதை இன்றும் மறக்கவில்லை.

அந்த வாரம் ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஒரு கார் கம்பெனியிலிருந்து இன்டர்வியூ கடிதம் வந்தது. சனிக்கிழமை, ஒரிஜினலோடு வர வேண்டும். நிஜமான கார் வரைகிற வேலை. புதன்கிழமை மேனேஜரிடம் கேட்டேன். “பாண்டு முடியட்டும், பாக்கலாம்” என்றார், தலையைக்கூடத் தூக்கவில்லை. வியாழக்கிழமை அக்காவிடம் சொன்னேன். பீரோ சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அவர் டப்பாவை மூடினார். அவர் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமைதான் அக்கா அந்தத் தண்ணீர்க் கேள்வியைக் கேட்டார். அதுவரை நான் கட்டிய நான்கு கார்களும் பாதியில் செத்திருந்தன. “பெரிய டேங்க் அக்கா, அடிக்கடி நிக்காது. நின்னா போச்சு” என்றேன்.

“யார் சொன்னது?”

யோசித்துப் பார்த்தேன். விளையாட்டில் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஷெட்டில்தான் சுத்தியல் மெஷின் நின்றால் மேனேஜர் ஓடி வருவார். எத்தனை நிமிடம் நின்றது, யாரால் நின்றது என்று சாக்பீஸில் பலகையில் எழுதிவைப்பார். அதைப் பார்த்துப் பார்த்து, நிற்பதே குற்றம் என்று காருக்குள்ளும் எழுதிவைத்திருக்கிறேன். டேங்க் நிறைந்த கனத்தில் டயர் தேய்ந்தது, பிரேக் தீய்ந்தது.

டேங்க்கைப் பாதியாகக் குறைத்தேன். வண்டி லேசானது. மூன்றாவது நிமிடத்தில் பெட்ரோலுக்கு நின்றது. மறுபடி கிளம்பியது. ஏழு முறை நின்றது. ஷெட்டில் சுத்தியல் விழும்போதெல்லாம் திரை நடுங்கியது. இருபத்துநாலாவது நிமிடத்தில் ஒன்பதாவது ஆளாக வந்து சேர்ந்தது. ஒன்பதாவதுதான், ஆனாலும் முழுசாக வந்தது.

“பாத்தியா! நின்னு நின்னு போனவன் ஊடு சேந்துட்டான்” என்றார் அக்கா.

நான் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. நாளை சனிக்கிழமை. பின்னால் மேனேஜரின் அறைக் கதவு மூடியிருந்தது.

அக்கா எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். “ஒரிஜினலு திங்கக்கெழம காலைல பீரோவுல இருக்கணும். இன்னா?” என்றார், குரலைத் தாழ்த்தாமலே. பிறகு வெளியே போகும் காகிதங்களுக்கான ரிஜிஸ்டரைப் பிரித்து, என் பெயருக்கு நேராக ‘ஜெராக்ஸ் எடுக்க’ என்று எழுதி, கீழே தன் முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.