அனஸ்ரேசியா அக்காவின் ஆறரை மில்லிமீற்றர்

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் தட்டில் இருக்கிற அனஸ்ரேசியா அக்கா, 2004ஆம் ஆண்டு வரைக்கும் பதினேழு எல்க்குகளைப் பார்த்திருந்தார். அதில் ஒன்றுகூட நின்றுகொண்டிருக்கவில்லை.

எல்க் என்பது இந்த நாட்டுக் காட்டு மான். மான் என்றால் எங்கடை ஆக்களுக்குப் புள்ளிமான்தான் கண்ணுக்குள் வரும். இது குதிரையிலும் உயரம், நானூறு கிலோ வரைக்கும் போகும், கொம்பை விரித்தால் எங்கள் லிப்டுக்குள் அடங்காது. அக்கா பார்த்த பதினேழும் தோல் உரித்து, ஒரு கராஜின் கூரை வளையில் தலைகீழாகத் தொங்கினவை.

அக்காவின் தொழில் இறைச்சி வெட்டுவது. ஒஸ்லோவில் ஒரு தொழிற்சாலையில், பிடரி வரைக்கும் மூடிய வெள்ளைத் தொப்பியோடு, பதின்மூன்று வருடமாக. ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு, நாற்பத்தெட்டுக் கிலோ. ஆனால் ஒரு பன்றித் தொடையில் எலும்பைக் கழற்றுவதற்கு அவருக்கு எடுக்கிற நேரம், மற்றவர்கள் கத்தி தீட்டுகிற நேரம். அங்கே மேற்பார்வையாளராக இருக்கும் குன்னார், லில்லெஸ்ட்ரோமுக்குக் கிழக்கே உள்ள காட்டில் ஆறு பேர் கொண்ட ஒரு வேட்டைக் குழுவின் தலைவர். 1997இல் ஒருநாள், சுட்ட எல்க்கை வெட்டித் தர ஏலுமா என்று அவர் அக்காவைக் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஒக்ரோபரும் குன்னாரின் கராஜில் அக்கா நின்றார். கூலி, இறைச்சியாகத் தருவார்கள். அதைக் கொண்டுவந்து தூள் போட்டுப் பிரட்டினால் படிக்கட்டு முழுக்க எல்க் மணக்கும்.

எது யார் சுட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. காயத்தைப் பார்த்தாலே தெரியும். ஹறால்ட் என்ற ஒருவர் மக்னம் துவக்கு வைத்திருந்தார். வேகம் கூடிய பெரிய தோட்டா. அவர் சுட்டதில் ஒரு பக்க முன்சப்பை, முன்காலுக்கு மேலே உள்ள தோள் இறைச்சி, ஜாம் மாதிரி இருக்கும். இரத்தம் கட்டி, எலும்புச் சில்லுக் கலந்து, சீவிச் சீவி எறிந்தால் ஐந்தாறு கிலோ குப்பைக்குப் போகும். ஒட்வார் என்ற வயதானவர் சுட்டதில் விலாவுக்குள்ளால் ஒரு ஓட்டை, அவ்வளவுதான். சப்பை இரண்டும் முழுதாக இருக்கும். ஒட்வாருடையது இந்த நாட்டின் பழைய ஆறரை மில்லிமீற்றர் துவக்கு; ஆறரை என்பது தோட்டாவின் தடிப்பு.

2004 வேட்டை முடிந்த கையோடு ஒட்வார், இனி முழங்கால் விடாது, ஸ்பெயினுக்குப் போகப்போகிறேன் என்றார். குழுவில் ஓரிடம் காலியானது. கராஜில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களிடம், கத்தியைக் கழுவிக்கொண்டே, அந்த இடத்தை எனக்குத் தாங்கோ என்று அக்கா கேட்டார். எல்லாரும் கோப்பையைப் பார்த்தார்கள். ஹறால்ட் தன்னுடைய மருமகனும் கேட்டிருக்கிறான் என்றார். கடைசியில் குன்னார், வேட்டைப் பரீட்சையும் சுடும் பரீட்சையும் பாஸ் பண்ணு, ஓகஸ்ட் கூட்டத்தில் வாக்கெடுப்பு வைப்பம் என்றார். பாஸ் பண்ணமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் சொன்னார் என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார்.

பரீட்சை என்று சொல்லிவிட்டால் எங்கடை ஆக்களை யார் பிடிப்பது? அக்காவின் மனுசன் இரவீந்திரன் அண்ணை பஸ் ஓட்டுகிறவர். பழைய வினாத்தாள்களைத் தேடி எடுத்து, காலைச் சாப்பாட்டு நேரத்தில் கேள்வி கேட்கத் தொடங்கினார். காட்டுக்கோழிக்கு எத்தனை மாதம் தடை, துவக்கோடு வேலி கடக்கிறது எப்படி. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வந்தது. அண்ணை லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் ரெலிபோன் எடுத்துச் சொன்னார். ரொறன்ரோவிலிருந்த தமையன், அந்த இரண்டும் எப்படிப் பிழைத்தது என்று கேட்டாராம்.

கீழ்த்தட்டுச் சிவமலர் ஒருநாள் உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்துக் கேட்டுவிட்டார்:

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள். இஞ்சை வந்து துவக்கு வாங்கப் போறியளோ அக்கா?"

"அங்கை வச்சிருந்தவையிட்டை ஆராவது கடுதாசி கேட்டவையே?" என்றார் அக்கா. "என்னட்டைப் பொலிஸ் மூண்டு கடுதாசி கேட்டிருக்கு. நான் நல்ல பிள்ளை எண்டும் ஒரு கடுதாசி."

சட்டைகளைக் காயப்போட்டு முடித்துவிட்டு, சிவமலரிடம் எல்க் இறைச்சி வேணுமா என்று கேட்டார். வேணும் என்றாராம்.

இனித்தான் சிக்கல் வந்தது. எந்தத் தோட்டா?

அண்ணைக்கு இதில் சந்தேகமே இல்லை. எதை வாங்கினாலும் பெரிதாக வாங்குகிற மனுசன். ஒருமுறை வாங்கின ஃபிறீசரை உள்ளே எடுக்கக் கதவு நிலையைக் கழற்ற வேண்டியிருந்தது. துவக்குக் கடையில் தோட்டாக்களின் சக்தி எழுதிய பட்டியல் ஒன்று தொங்கியது. சட்டப்படி எல்க்குக்குச் சுடுகிற சன்னம், அதாவது தோட்டாவின் முனையிலிருந்து பறந்து போகிற ஈயக்குண்டு, பத்துக் கிராமுக்கு மேலே என்றால், நூறு மீற்றரில் அதன் சக்தி 2200 யூலுக்குக் குறையக்கூடாது. ஹறால்டின் மக்னத்துக்கு எதிரே நாலாயிரம் என்று இருந்தது. ஆறரைக்கு எதிரே இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். அண்ணை அதைப் புள்ளிப் பட்டியலாகத்தான் வாசித்தார்.

"நாலாயிரம் எடுத்த பிள்ளை இருக்கேக்கை, மயிரிழையிலை பாஸ் பண்ணினதை ஏன் பாக்கிறீர்?"

அக்கா கடைக்காரரிடம் வேறொரு கேள்வி கேட்டார். இதில் எது எத்தனை கிலோ இறைச்சியைப் பழுதாக்கும்? கடைக்காரர், பதினைந்து வருடத்தில் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை என்று சொல்லி, பட்டியலைத் திரும்பவும் பார்த்தார். அதில் அது இல்லை.

இருந்தாலும் மக்னத்தையும் ஒருக்காச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று அக்கா நினைத்தார். ஹறால்ட் தன் துவக்கைத் தந்தார். சிரித்துக்கொண்டே தந்தார் என்று அக்கா சொல்வார். முதல் வெடிக்குத் தோள்மூட்டு பின்னுக்குப் போனது. இரண்டாவதுக்குத் துவக்கின் மேல் பூட்டியிருந்த தொலைநோக்கியின் விளிம்பு புருவத்தில் பிறை போட்டது. மூன்றாவதுக்குத் துவக்கு வெடிக்க முன்னமே கண் மூடிக்கொண்டது. சன்னம் இலக்குக்கு முன்னால் மண்ணில் புகுந்தது.

வீட்டில் அண்ணை தோளுக்கு ஐஸ் வைத்துக்கொண்டே, பழகப் பழகச் சரிவரும் என்றார். அக்கா எழும்பிப் போய் மரக்கறித் தட்டுக்குப் பின்னாலிருந்து பாணுக்குப் பூசுகிற மாமைற்றின் பழைய போத்தல் ஒன்றை எடுத்து வந்தார். அதற்குள் எட்டு வருடமாக இறைச்சிக்குள்ளிருந்து தோண்டி எடுத்த சன்னங்கள். ஒவ்வொன்றும் பொலித்தீன் துண்டில் சுற்றி, ஆளின் பெயரும் ஆண்டும் எழுதியிருந்தது. ஏன் சேர்த்தார் என்று கேட்டால், அவருக்கே தெரியாது. எறிய மனம் வரவில்லை.

மேசையில் இரண்டு குவியல் வைத்தார். ஒட்வாருடையவை ஒவ்வொன்றும் எருக்கம்பூ மாதிரி முன்பக்கம் விரிந்து, பின்பக்கம் குலையாமல் இருந்தன. எல்லாம் எதிர்ப் பக்க விலா இறைச்சிக்குள் கிடைத்தவை. ஹறால்டுடையவை சன்னம் என்று சொல்ல ஏலாது. கடுகும் சீரகமும் கலந்ததுபோல ஈயத்தூளும் செப்புத் துண்டும். இந்தப் பக்கச் சப்பையிலேயே வெடித்துச் சிதறியவை. பாரம் குறைந்த மெல்லிய சன்னம், அளவுக்கு மிஞ்சின வேகம்.

"நாலாயிரமும் இந்தச் சப்பைக்குள்ளையே முடிஞ்சுது," என்றார் அக்கா. "ஒட்வாரின்ரை இரண்டாயிரம் அங்காலை வரைக்கும் போயிருக்கு."

அண்ணை இரண்டு குவியலையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த யோசனையிலேயே ஐசை நோகாத மற்றத் தோளில் வைத்துவிட்டார் என்று அக்கா சொல்லிச் சிரிப்பார்.

அடுத்த சனிக்கிழமை ஆறரையில் ஒன்று வாங்கினார்கள். சன்னம் பத்து தசம் ஒன்று கிராம், தடித்த செப்பு உறை. ஆறரைக்கே ஒன்பது கிராம் சன்னமும் இருந்தது, வேகம் கூட. ஆனால் பத்துக்குக் குறைந்தால் சட்டம் 2700 கேட்கிறது, இந்தத் துவக்கு அவ்வளவு தராது. இதை அக்காவே பெட்டியில் வாசித்துக் கண்டுபிடித்தார். துவக்கின் கட்டை, தோளில் முட்டுக் கொடுக்கிற மரப்பகுதி, அவருடைய கைக்கு நீளம் என்று கடைக்காரர் மூன்று சென்ரிமீற்றர் அரிந்து தந்தார். புதுச் சாமானை, காசும் குடுத்து, கண்ணுக்கு முன்னாலேயே அரிந்துவிட்டான் என்று அண்ணை ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தக் கோடை முழுக்க அக்கா முந்நூறு தோட்டாக்கள் சுட்டார். வேலை முடிந்து வந்து, பால்தேத்தண்ணி குடித்து, சுடுகளத்துக்குப் போவார். ஓகஸ்ட் நடுவில் பரீட்சை. நூறு மீற்றரில் ஒரு மானின் படம், நெஞ்சில் முப்பது சென்ரிமீற்றர் வட்டம், ஐந்து வெடி, ஐந்தும் உள்ளே போகவேண்டும். முதல்முறை நாலு உள்ளே. ஐந்தாவதைச் சுடப்போகிற நேரம் பக்கத்தில் படுத்திருந்தவரின் பெரிய துவக்கு வெடித்தது. அக்காவின் சன்னம் மானின் வயிற்றில் பட்டது. திரும்பவும் வரிசையில் நின்றார். இரண்டாம்முறை ஐந்தையும் ஒரு தேசிக்காய் ஊறுகாய்ச் சாடி மூடியால் மறைக்கலாம்.

ஓகஸ்ட் கடைசியில் குன்னாரின் கராஜில் கூட்டம். ஐந்து ஆண்கள், ஒரு வாக்கெடுப்பு. அக்கா இரண்டு பரீட்சைத் தாளையும் மேசையில் வைத்தார். ஹறால்ட் தாளைப் பார்க்கவில்லை. அந்தச் சின்னத் தோட்டாவால் எல்க் விழாது, காயத்தோடு ஓடும், பிறகு இருட்டில் காடெல்லாம் தேடவேண்டி வரும் என்றார். அதில் நியாயம் இல்லாமலில்லை. காயப்பட்ட மிருகத்தை விட்டுவிட்டு வருவது இங்கே வெட்கக்கேடு. மற்றவர்கள் தலையாட்டத் தொடங்கினார்கள்.

அக்கா மாமைற் போத்தலைத் திறந்து, பெயர் பெயராக மேசையில் அடுக்கினார். ஆண்டு வரிசையாக. தன் பெயரெழுதிய பொலித்தீனுக்குள் தூளைக் கண்ட ஹறால்ட், இதை யார் வைத்திருக்கச் சொன்னது என்று கேட்டார்.

"ஒட்வாரின்ரை எல்க் விழாமல் நடந்ததுதான்," என்றார் அக்கா. "ஐம்பது அடி, அறுபது அடி. ஆனால் ஒண்டும் கிடைக்காமல் போகேல்லை. எட்டு வருசமும் அவர் சுட்டனான் எண்டு சொன்ன எல்லாத்தையும் நான்தானே வெட்டினனான்."

குன்னார் ஒரு எருக்கம்பூவைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய முகம் தோட்டாவைப் பற்றி யோசிக்கிற முகமாக இல்லை. பிறகு மெல்லக் கேட்டார், நீயும் எங்களோடு சுடுகிற ஆளானால், கூலி இறைச்சிக்கு இங்கே வெட்டுகிறது ஆர்?

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. பத்து மாதமாகக் கதைத்த யூலும் கிராமும் மருமகனும் எல்லாம் மேல்பூச்சு. அவர்களுக்குப் பயம், எல்க் விழாமல் போய்விடுமென்றல்ல. கத்தி பிடிக்க ஆளில்லாமல் போய்விடுமென்று. கோபம் வந்தது என்று பிறகு சொன்னார். ஆனால் அந்தப் பெரிய மனுசர்கள் ஐந்து பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தன்னுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்ததில், கோபம் சிரிப்பாகிவிட்டது.

"நான் குழுவிலை இல்லையெண்டால் இந்த வருசம் வெட்ட வரமாட்டன்," என்றார். "இருந்தால், எப்பிடி வெட்டிறதெண்டு காட்டித் தருவன். அவரவர் சுட்டதை அவரவர் வெட்டவேணும்."

நாலு கை உயர்ந்தது. ஹறால்டின் கை கொஞ்சம் பிந்தி, காதைச் சொறியப் போவது மாதிரி உயர்ந்து, அங்கேயே நின்றது.

ஒக்ரோபர் ஐந்து. அக்காவுக்கு விழுந்த நிலை, எல்க் வரும்வரைக்கும் துவக்கோடு காத்து நிற்கிற இடம், ஒரு சேற்று ஓடையின் ஓரம். முதல் மூன்று மணித்தியாலமும் ஒன்றும் வரவில்லை. கம்பிளிக் கையுறைக்குள் விரல் விறைத்தது. பிறகு பிர்ச் மரங்களுக்கிடையில் ஒரு துண்டு நிழல் அசைந்தது. அது காலெடுத்து வைத்து ஓடைக்கு வந்து, மூக்கை உயர்த்தி நின்றது. பெரிய பிராணி, நாலு காலில், தோலோடு. இவ்வளவு உயரமா என்றுதான் முதலில் நினைத்தாராம். பிறகு முன்சப்பைக்குப் பின்னால் குறி வைத்து விசையை அழுத்தினார். அது நாற்பது அடி நடந்து, மெல்லப் படுத்தது. ஹறால்டும் அன்று பின்னேரம் ஒன்று சுட்டார். அது நின்ற இடத்திலேயே விழுந்தது.

ஒரு கிழமை தொங்கவிட்ட பிறகு கராஜில் இரண்டு மேசை போட்டார்கள். அக்கா ஒன்றரை மணித்தியாலத்தில் தன்னுடையதை முடித்தார். சீவி எறிந்தது ஒரு கை நிறையவும் வராது. மற்ற மேசையில் ஹறால்ட், அக்காவின் பழைய மேலங்கி வயிற்றில் முட்ட, இரத்தக் கட்டியைச் சீவிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் சீவினால் அதற்கடியில் இன்னொன்று. எலும்புச் சில்லு விரலில் குத்தியது. வாளி நிறைந்தது. கோப்பி ஆறியது. அவர் நிமிர்ந்து, உன்னுடைய சன்னம் எத்தனை கிராம் என்று கேட்டார்.

"பத்து தசம் ஒண்டு," என்றார் அக்கா.

எங்கே வாங்கினது, என்ன பெயர், எழுதித் தா என்றார் ஹறால்ட், தோளால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"எழுதலாம், எழுதலாம்," என்று சொல்லி அக்கா தன் சின்னக் கத்தியை அவருக்கு நீட்டினார். "பெரிய கத்தியாலை உது வராது. இதைப் பிடி, அந்தப் பக்கத்தையும் முடி முதல்."