ஓரத்தில் கிடந்த கை

அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் அவரைக் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாகப் போர்ப் படங்களைப் பக்கத்துக்கு ஏற்றபடி வெட்டுவது அவர் வேலை. காலையில் சாப்பிட்டுக்கொண்டே பேப்பர் பார்ப்பவருக்குத் தொண்டை அடைக்கக் கூடாது. நெஞ்சு மட்டும் லேசாக அடைக்க வேண்டும். இந்தப் பக்குவம் வேறு யாருக்கும் வராது என்பார் ஆசிரியர். ரத்தம் அதிகமென்றால் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். பிணம் ஒன்றுக்கு மேல் ஆகாது. அழும் குழந்தை கேமராவைப் பார்த்தால் முதல் பக்கம். பார்க்கத் தெரியாத குழந்தைக்கு ஏழாம் பக்கம்.

வெட்டியதை மூலப் படத்தின் மேலேயே, அதே பெயரில் சேமித்துவிடுவார். இரண்டு படம் கிடந்தால் எவனாவது தப்பானதைப் போட்டுவிடுவான் என்பது அவர் கண்ட ஞானம்.

ஒரு நாள் முந்தின வாரத்துப் பேப்பரோடு ஒரு பெண் வந்தாள். முதல் பக்கத்தில், இடிந்த சுவருக்கு முன்னால் ஒரு குழந்தை அழுதது. இடது ஓரத்தில், தரையில் ஒரு கை, மணிக்கட்டு வரைதான்.

"அண்ணே, இது எங்க வீட்டுக்காரர் கை. சுண்டுவிரல் பாதி இல்ல பாருங்க, மில்லு மெஷின்ல போனது. அந்த ஊருக்கு வேலைக்குப் போனவரு, பன்னெண்டு நாளா போன் இல்ல. மிச்சப் படத்தைக் காட்டுங்க. ஆள் உயிரோட இருக்காரா?"

வெட்டி எறிந்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் கத்தரிக்குக் கிடையாது. கணினியில் தேடினார். அதிலும் மணிக்கட்டு வரைதான்.

"அந்த ஓரம் தேவைப்படலம்மா."

"உங்களுக்குத் தேவைப்படல."

படம் எடுத்தவருக்குப் போன் போட்டார். "அதுவா? போட்டிக்கு அனுப்பியிருக்கேன். ஜெயிச்சா பார்ட்டி உண்டு" என்று சொல்லி அவர் முழுப் படத்தை அனுப்பிவைத்தார்.

கைக்குரியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மறு கையில் தண்ணீர்க் குவளை. பக்கத்து ஆள் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பாவி மனுஷன், சிரிக்குறாரு. அன்னைக்கு வரைக்கும் இருந்திருக்காரு." பிறகு திரும்பினாள். "இவர எதுக்கு வெட்டினீங்க?"

"சிரிச்சா சோகம் கெட்டுப்போகும்மா. கை மட்டும் இருந்தப்போ படம் நல்லா இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சா? அந்தக் கையப் பாத்துட்டு எங்க மாமியார் நாலு நாளா பச்சத் தண்ணி குடிக்கல."

ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன் என்று கத்தரி திரைப்பக்கம் குனிந்தார். படத்தின் மேல்பக்கம் வெறும் வானம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. அவர் விரல் தன்பாட்டில் அதைக் குறைக்கப் போனது.

"நீங்க எந்திரிங்கண்ணே" என்றாள் அவள். "வேற யாராச்சும் எடுத்துக் குடுக்கட்டும்."