உள்ளே ஆள் இருக்கு!

எங்கள் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்காலம் முழுக்க அடுக்குமாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் கிரீஸும் கையுமாக ஏறி இறங்கியவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய டெலிவரி வேனை வாங்கினார். படுக்கை, அடுப்பு, கைகழுவும் தொட்டி, குட்டி ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் தானே அதற்குள் பொருத்தினார். "இவ்ளோ நாள் மேலயும் கீழயுமே போயாச்சு. இனிமே நேரா போகணும்" என்பது அவர் கட்சி.

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அக்காவுக்கோ இதில் துளியும் இஷ்டமில்லை. "வீட்டுல நல்ல கட்டில் இருக்கறப்ப டப்பாக்குள்ள எதுக்குங்க படுக்கணும்?"

கிளம்பும் நேரத்தில் அத்தானுக்குத் திருட்டுப் பயம் பிடித்துக்கொண்டது. கடையில் இருப்பதிலேயே மலிவான அலாரம் ஒன்றை வாங்கி வந்து வேனின் உள்சுவரில் மாட்டினார். உள்ளங்கை அளவு வெள்ளை டப்பா, நடுவில் முட்டைக்கண். ரிமோட்டை அழுத்திவிட்டால், எதிரே ஆள் அசைந்தவுடன் ஊரைக் கூட்டிவிடும்.

"இந்த விலைக்கு இது உருப்படியா வேலை செய்யுமா?" என்றாள் அக்கா.

"லிஃப்ட் கதவுல எத்தனை சென்சார் மாட்டியிருப்பேன்! எங்கிட்டயா கேக்குற?"

முதல் பயணம் ஓர் ஏரிக்கரைக்கு. அங்கே இவர்களைப் போலவே வேனோடு வந்தவர்கள் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கடைக்குப் போய் வருவதாகச் சொன்ன அக்கா, வெயிலைப் பார்த்ததும் மனம் மாறி, வேனுக்குள் திரையை இழுத்துவிட்டுப் படுத்துவிட்டாள். வெளியே அரட்டையில் இருந்த அத்தான் இதைக் கவனிக்கவில்லை. வேனைப் பூட்டி, அலாரத்தை முடுக்கி, சாவியையும் ரிமோட்டையும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

அக்கா கண் விழித்துத் திரையை விலக்கியதும் அலாரம் வீறிட்டது. பயத்தில் உறைந்துபோனாள். அவள் அசையாமல் இருக்கவே அலாரம் அடங்கியது. காலைக் கீழே வைத்தாள். மறுபடியும் வீறிட்டது. ஜன்னல் வழியே பார்த்தால், வெளியே கூட்டம். பக்கத்து வேனின் மீசைக்காரர் நாயோடும் கட்டையோடும் கதவருகே நின்றார்.

"அசையாத! வெளிய வந்தே, மண்டை உடையும்!"

"நான் திருடி இல்லீங்க! இது எங்க வேன்தான்!"

"திருடுறவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க!"

அலாரச் சத்தம் ஏரி வரைக்கும் கேட்டது. அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. இடுப்பு வரை தண்ணீரில் நின்று, "மாட்டிக்கிட்டான் பாரு!" என்று கத்தியவர், ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வந்தார்.

"விடாதீங்க! கெட்டியா புடிங்க!"

உள்ளேயிருந்து பதில் வந்தது. "யோவ்! யாரைய்யா புடிக்கச் சொல்ற?"

அக்கா அவரை 'யோவ்' என்றது அதுவே முதல் தடவை. அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "எங்க வீட்டம்மாங்க" என்றார் ஈனசுரத்தில். பதறிப்போய் ரிமோட்டை அழுத்தினார். அதுவும் அவரோடு ஏரியில் குளித்திருந்தது, செத்துக் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் எத்தனையோ மெஷின் அலறல்களை அடக்கியவள் அக்கா. அலாரத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி, போர்வையில் சுற்றி, ஃபிரிட்ஜுக்குள் வைத்து அறைந்து சாத்தினாள். உள்ளிருந்து கொசு அழுவது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கதவைத் திறந்து படியில் நின்றாள். மீசைக்காரர் கட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு வணக்கம் வைத்தார்.

அன்று சாயங்காலம் ஏரிக்கரை முழுவதும் அக்காவைச் சுற்றித்தான். "விடாதீங்க, புடிங்க" என்று அத்தான் ஓடி வந்ததை அவள் நடித்துக் காட்டக் காட்ட, மீசைக்காரரின் மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறித் தவித்தாள். ஒரு மூலையில் தலை துவட்டிக்கொண்டிருந்த அத்தான் மெதுவாக வந்தார்.

"போதும்மா, மானம் போச்சு. காலையில வீட்டுக்குக் கிளம்பிடலாம்."

"நீங்க வேணா போங்க" என்றாள் அக்கா. "நான் இன்னும் நாலு நாள் இருந்துட்டு வரேன்."