சுவரில் இருக்கும் தூரம்

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கண்ணாடியிடம் கணக்குச் சொல்கிறார் மனிதர். "ஒரு பார்செக்னா மூணேகால் ஒளியாண்டு. ஒரு ஒளியாண்டுக்கு அறுபத்து மூவாயிரத்துச் சொச்சம் வானியல் அலகு. அலகுன்னா இங்கேர்ந்து சூரியன் வரைக்கும், அவ்வளவுதான்." யாரும் கேட்கவில்லை. கடைக்குப் போய்வர எவ்வளவு நேரமாகும் என்று மனைவி வாய்தவறிக் கேட்டால் தொலைந்தாள். அதற்குள் சூரிய வெளிச்சம் வியாழனுக்கே போய்விடும் என்பார். "வெளிச்சம் போகட்டும், நீங்க முதல்ல கிளம்புங்க" என்பாள் அவள்.

கோளரங்கத்தில் வருகிறவர்களுக்கு வானத்தை விளக்கிச் சொல்கிற தற்காலிக ஊழியர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் 'பார்செக்'. ஒளியாண்டைக் காலம் என்று யாராவது சொல்லிவிட்டால் மனிதருக்கு முகம் கறுத்துவிடும். "அது தூரங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு திருத்துவார்.

அப்பேர்ப்பட்டவர் தினமும் ஒரு பொய்யைப் படிக்கிறார். முன்கூடத்துச் சுவரில், சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் 4.24 பார்செக் தூரம் என்று கொட்டை எழுத்தில் பொறித்திருக்கிறது. அது ஒளியாண்டுக் கணக்கு. பார்செக் என்றால் எடுப்பாக இருக்குமென்று இயக்குநர் அலகை மட்டும் மாற்றினார். எண்ணை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. இவர் போய்ப் பணிவாகத்தான் சொன்னார். இயக்குநர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சுவத்துல இருக்கறதைச் சொல்லத்தான் உங்களை வெச்சிருக்கு. முடியாதுன்னா வேற இடம் பாருங்க." வயிறு என்று ஒன்று இருக்கிறதே, பாழாய்ப் போனது! அன்றிலிருந்து வருகிறவர்களுக்குச் சுவரில் இருப்பதையே படித்துக் காட்டுகிறார்.

போன மாதம் மகளின் வகுப்பு வந்தது. வாய்ப்பாட்டுக்கு முன்னால் பார்செக்கைக் கற்றவள் அவள். அப்பா சொன்னால் அதற்கு மறுபேச்சில்லை. அவர் சுவரைப் படித்து முடித்ததும் கையைத் தூக்கினாள்.

"அப்பா, அது ஒளியாண்டுதானே? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

இயக்குநர் தூணோரம் நின்றிருந்தார்.

"பார்செக்தான். பார்த்து எழுதிக்கோ" என்றார் அப்பா.

பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று டீச்சர் அவளைப் பின்வரிசைக்கு அனுப்பினார். எல்லாரோடும் சேர்ந்து அவளும் குனிந்து எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, அங்கே நிலைமை அப்படி என்று இழுத்தார். எது சரி, வீட்டில் சொல்வதா அங்கே சொல்வதா என்று ஒரே கேள்விதான் கேட்டாள். இடத்துக்குத் தக்கபடி பேச வேண்டியிருக்கிறது என்றார். அப்பன் சொல்கிற பதிலா இது? சொல்லும்போதே அவருக்குக் கூசியது. அதற்குப் பிறகு அவரிடம் அவள் எதுவும் கேட்பதில்லை. காலையில் கண்ணாடி முன் கணக்கு ஆரம்பித்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

நேற்றுப் பரீட்சைத் தாளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். மிக அருகிலுள்ள விண்மீனின் தூரம் என்ன? 4.24 பார்செக். பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டு முழு மதிப்பெண்.

"இது தப்புன்னு உனக்குத் தெரியும்தானே?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியும்."

பேனாவின் மூடியைக் கழற்றி, பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தை விரலால் காட்டி, நீட்டினாள். வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.