மூன்று புட்டி ஜாதிக்காய்த் தைலம்

நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. தைப்பூசம் முடிந்த மறுவாரம், ஜாதிக்காய்த் தைலத்தில் வாசனையே இல்லை என்று அம்மா சொன்னார்.

2. புட்டி பழசாகிவிட்டது என்று நினைத்து, டத்தோ கிராமாட் பாசாரில், சந்தையில் அவர் வழக்கமாக வாங்கும் கடையில் புதிதாக ஒன்று வாங்கினார். அதிலும் வாசனை இல்லை என்றார்.

3. மூன்றாவது புட்டியை வேறு கடையில் வாங்கினார். அதையும் அப்படியே சொன்னார்.

4. அம்மாவின் வயிற்றில், தொப்புளுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து தடித்திருந்தது.

5. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது, லிஃப்ட் கதவு திறந்ததுமே தீய்ந்த பருப்பு வாடை அடித்தது. எங்கள் வீட்டுப் பருப்புதான். அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

6. மூன்று புட்டிகளையும் வேலையிடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். மூன்றிலும் குறை இல்லை.

ஐந்தாவது வரைக்கும் நான் பெரிதாகப் பயப்படவில்லை. தைலத்தில் கலப்படம், பருப்பு விஷயத்தில் மறதி என்று இரண்டுக்கும் தனித்தனியாகக் காரணம் வைத்திருந்தேன். ஆறாவதற்குப் பிறகு அந்தக் காரணங்கள் உதவவில்லை. தைலம் சரியாக இருக்கிறது என்றால், சரியில்லாமல் இருப்பது அம்மா.

என் வேலை புக்கிட் தெங்காவில், தரை கழுவும் திரவம் தயாரிக்கும் தொழிற்சாலையின் ஆய்வகத்தில். தோம்பு என்கிற பெரிய பீப்பாய்களில் வந்து இறங்கும் வாசனை எண்ணெய்களைச் சோதித்து, ஏற்கலாமா திருப்பி அனுப்பலாமா என்று எழுதிக் கொடுப்பேன். அடர்த்தி பார்ப்போம், ஒளிவிலகல் பார்ப்போம், கடைசியில் ஒரு தாள் துண்டை எண்ணெயில் நனைத்து முகர்ந்து பார்ப்போம். கருவிகள் எத்தனை இருந்தாலும் கடைசி முடிவு மூக்கினுடையதுதான். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை நான் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருப்பேன். அம்மா இந்தப் பக்கம் தீவில், சுங்கை பினாங்கில் பதினொன்றாம் மாடியில் தனியாக இருப்பார். அப்பா இறந்த பிறகு நாங்கள் இரண்டு பேர்தான்.

எங்கள் வீட்டில் ஜாதிக்காய்த் தைலம் இல்லாத நாளே கிடையாது. தீவின் மேற்குப் பக்கத்தில், மலைச்சரிவில் காய்க்கும் ஜாதிக்காயிலிருந்து வடித்து எடுப்பது அது. அம்மா அதைத் தேங்காய் எண்ணெயில் கலந்து வயிற்று உப்புசத்துக்குத் தொப்புளைச் சுற்றித் தடவுவார். தலைவலி என்றால் பொட்டில் இரண்டு சொட்டு. சளி பிடித்தால் கைக்குட்டையில் ஒரு சொட்டு. தூக்கம் வராவிட்டால் உள்ளங்காலில். நான் பிறந்த பிறகு நாற்பது நாளும் வயிற்றில் அதைத்தான் தடவிக்கொண்டாராம். இதில் எதற்கு எவ்வளவு பலன் என்று நான் அளந்து பார்த்ததில்லை. வாசனை வந்தாலே பாதி வலி போய்விடும் என்பார். அந்த வாசனைதான் இப்போது வரவில்லை.

சோதனை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைப் பாசாருக்கு இழுத்துக்கொண்டு போனார். தைலக் கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டிய தமிழ் முஸ்லிம். அம்மா பையிலிருந்து புட்டியை எடுத்து அவர் முன்னால் டொக்கென்று வைத்தார்.

"என்னாண்ணே, தண்ணியப் புட்டியில ஊத்தி விக்கிறீங்களா? இருவது வருசமா ஒங்ககிட்டதான வாங்குறேன்!"

"தங்கச்சி, மூடியத் தொறந்தா பக்கத்துக் கடை மீன்காரன் தும்முறான் லா. நீங்க தண்ணிங்கிறீங்க."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அவர் மூடியைத் திறந்து அம்மாவின் மூக்கருகே நீட்டினார். இரண்டடி தள்ளி நின்ற எனக்கே அந்த வாசனை தொண்டை வரை இறங்கியது. அம்மா ஆழமாக இழுத்து, "ஒண்ணுமில்ல," என்றார். கடைக்காரர் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் புட்டியை வைத்துக்கொண்டு வேறொன்று எடுத்துக் கொடுத்தார். சோதனை முடிவு எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மீது பழி விழுந்திருக்காது. நான் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் ஐந்து தாள் துண்டுகளை வைத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் மூன்று இலக்க எண். ஆய்வகத்தில் செய்வதைப் போலவேதான். காப்பி, பெலாச்சான் என்கிற இறால் விழுதைக் கரைத்த நீர், கிராம்புத் தைலம், ஜாதிக்காய்த் தைலம், ஐந்தாவதாக வெறும் தண்ணீர்.

"வெளையாட்டும்மா. என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

அம்மா முதல் தாளை எடுத்ததும், "காப்பி," என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே தாளின் நுனியில் இருந்த பழுப்புக் கறையைக் கவனித்தேன். வந்த உயிர் போய்விட்டது.

பெலாச்சான் தாளை மூக்கில் ஒட்டி வைத்து முகர்ந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அம்மா என் கண்களையே பார்த்துக்கொண்டு, "சந்தனம்... சந்தனம்தானே?" என்றார். அடுத்த தாளை நீட்டினேன். கிராம்பை ரோஜா என்றார். ஜாதிக்காயை ஒன்றுமே சொல்லாமல் கீழே வைத்துவிட்டார். கடைசித் தாளை நீண்ட நேரம் முகர்ந்தார்.

"இதுதான்டி ஜாதிக்கா. இது ஒண்ணுதான் அசல்."

அது தண்ணீர்.

நான் தாள்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தேன். அடுக்க ஐந்து தாள்தான் இருந்தது, ஆனாலும் மறுபடி மறுபடி அடுக்கினேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னைய ஒங்க பேக்டரி தோம்புன்னு நெனச்சியா? திருப்பி அனுப்பப் போறியா?"

"எத்தன நாளாம்மா?"

அம்மா என் கையை விட்டார். "தீபாவளிக்கு முறுக்கு சுட்டேன்ல. அப்பவே எண்ணெ வாசம் வரல. சளின்னு நெனச்சேன். அப்புறம் சளியும் இல்ல, வாசமும் இல்ல. தைலந்தான் சரியில்லன்னு நெனச்சுக்கப் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கம்பியூட்டர்ல தேடுவ. தேடிட்டு என் மூஞ்சியப் பாப்ப. இப்பப் பாக்குறியே, இதே மாதிரி."

வயிற்றுத் தடிப்பைப் பற்றிக் கேட்டேன். நாலைந்து சொட்டு ஊற்ற வேண்டிய இடத்தில், கலக்காமல், கை நிறைய ஊற்றித் தடவியிருக்கிறார்.

"எரிஞ்சாத்தான் பூசினேன்னே தெரியுது," என்றார்.

அம்மா சொன்னபடியே அன்று கணினியில் தேடினேன். சாதாரணக் காரணங்கள் நிறைய இருந்தன: பழைய காய்ச்சல், மூக்குக்குள் சதை, வயது. சாதாரணமல்லாதவையும் இருந்தன. எல்லாவற்றையும் பட்டியல் போடுகிறவள் நான். அந்தப் பட்டியலை மட்டும் போடவில்லை.

செய்ய வேண்டியவற்றை எழுதினேன். ஒன்று, கிளினிக்கில் காட்டி மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குவது. இரண்டு, தோல் தடிப்புக்குக் களிம்பு. மூன்று, கேஸ் அடுப்பை எடுத்துவிட்டு மின்னடுப்பு வாங்குவது. மூன்றாவதற்கு அம்மா மறுத்தார். "மூக்குதான் போச்சு, கண்ணு இருக்குல்ல? நெருப்பு எரியுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?" வாதாடிப் பார்த்தேன். பிறகு, சம்பள வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். கேஸை நான் மூன்றாவதாக எழுதியிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆய்வகத்தில் என் கைப்பேசி அதிர்ந்தது. பக்கத்து வீட்டு அக்கா. அவர் வேலை நேரத்தில் என்னை அழைத்ததே இல்லை.

"தங்கச்சி, ஒங்க வீட்டுப் பக்கம் கேஸ் நாத்தம் அடிக்குது லா. கதவு சாத்தியிருக்கு. உள்ள டிவி சத்தமா ஓடுது. அம்மா இருக்காங்களா?"

கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் மனிதர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். மூக்கை நம்பிச் செய்த ஏற்பாடு அது. காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவிக் கதவிடுக்கு வழியாக வெளியே வரும். நடைபாதை வரை வந்துவிட்டதென்றால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட மனம் தானாகவே தொடங்கியது. கூடவே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அம்மா சாமி விளக்கு ஏற்றுவார்.

"அக்கா, பெல் அடிக்காதீங்க. பெல் மட்டும் வேணாம். கதவத் தட்டுங்க. கத்துங்க."

"பெல் அடிச்சா என்னா?"

"தீப்பொறி வரும்க்கா. தட்டுங்க!"

அவர் கைப்பேசியை அணைக்காமலே தட்டினார். கிரில் கதவு அதிர்வது கேட்டது. "அக்கா! அக்கோய்! கதவத் தொறங்க!" டிவி தொடரில் யாரோ அழும் சத்தம் உள்ளிருந்து கேட்டது. மறுபடி தட்டல். சுவர்க் கடிகாரத்தில் ஆறு. ஆறு தாண்டி ஒரு நிமிடம். கையுறை போட்ட கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. எங்களுக்கு நடுவில் கடலும், மாலை நேர நெரிசலோடு ஒரு பாலமும் இருந்தன.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல்.

"என்னாடி இந்தக் கத்துக் கத்துற, வீடு என்ன தீயா எரியுது?"

அக்கா உள்ளே ஓடுவதும், மற்ற ஜன்னல்களைத் திறப்பதும் கேட்டன. அம்மா டீக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார். பதினொன்றாம் மாடிக் காற்றில் அடுப்பு அணைந்திருக்கிறது. அம்மா கூடத்தில் தொடர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இவையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை. கதவைத் திறந்தபோது அம்மாவின் கையில் தீப்பெட்டி இருந்ததையும் அக்கா பிறகுதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்தபோது விளக்கு ஏற்றப்படவில்லை. அம்மா அடுப்புக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாத்தம் அடிச்சுதுங்கிறா. நான் அதுக்குள்ளதான் உக்காந்திருந்தேன். ஒண்ணுமே தெரியலடி," என்றார். அம்மா அதுவரை பயந்து நான் பார்த்ததில்லை. அப்பா போன அன்றுகூட எல்லாருக்கும் டீ போட்டவர் அவர்தான். "மூளையில ஏதாச்சும் இருக்குமா?"

"தெரியலம்மா," என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

அரசு மருத்துவமனை டாக்டர் மூக்குக்குள் குழாய்க் கருவி விட்டுப் பார்த்தார். அடைப்பு எதுவும் இல்லை என்றார். எடுத்துவிடக்கூடிய அடைப்பு இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இல்லாததால் மூளை வரை பார்க்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. "அப்ப நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்டார். "ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம் மா," என்றார் டாக்டர்.

அன்று திரும்பும் வழியில் நான் மட்டும் பாசாரில் இறங்கித் தைலக் கடைக்குப் போனேன். அவர் விற்றதில் குறை இல்லை, அம்மாவுக்குத்தான் வாசனை தெரியவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் மா," என்றார். "அவ்வளவு கிட்ட வச்சு இழுத்தா யாருக்கும் கண்ணு கொஞ்சம் சுருங்கும். அவுங்களுக்கு அசையவே இல்ல."

"சொல்லியிருக்கலாமே?"

"சாமான் வாங்க வந்தவங்ககிட்ட ஒங்க மூக்கு சரியில்லன்னு எப்படிம்மா சொல்றது? நீ பக்கத்துல நின்ன. நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."



இன்றைய நிலை இது. கேஸ் சிலிண்டரைக் கடையில் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. மின்னடுப்பில் சமைத்தால் சோறு ருசிப்பதில்லை என்று அம்மா சொல்கிறார். ருசி குறைந்ததற்குக் காரணம் அடுப்பு இல்லை என்று நான் சொல்வதில்லை. வயிற்றுத் தடிப்பு ஆறிவிட்டது. தைலத்தை நானே தேங்காய் எண்ணெயில் கலந்து, அளவு எழுதி ஒட்டிய புட்டியில் வைக்கிறேன். அம்மா அதைத் தினமும் தடவிக்கொள்கிறார். வாசனை இல்லாமல் பலன் இருக்குமா என்று ஒரு முறை கேட்டார். பழக்கத்தை விட வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டு அக்கா தினமும் ஆறு மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஸ்கேனுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் ஐந்து தாள் துண்டுகளை மேசையில் வைக்கிறேன். கறை தெரியாதவையாகப் பார்த்து வைக்கிறேன். இந்த வாரமும் அம்மாவால் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை.