படலையை மறித்த காலை

இரண்டு வருடத்துக்கு முந்திய ஆடி மாதம். பருத்தித்துறைக்குக் கிட்ட, கடலும் மணல் திட்டியுமாக இருக்கும் எங்கள் ஊரில், வீட்டின் இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்து விடுமுறைக்கு வருபவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தோம். முதன்முதல் வந்தது கனடாவிலிருந்து ஒரு குடும்பம். அவர்கள் போனில் நாலு நல்ல வார்த்தை எழுதினால்தான் அடுத்த ஆள் வரும்.

அதனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. கூழ் காய்ச்சிக் கொடுத்தேன். எங்கள் ஊர் இரண்டாயிரம் வருடப் பழசு என்று பெருமையடித்தேன். போதாததற்குத் திட்டிக்குக் கூட்டிப்போய், சோழகக் காற்று மணலை வாரியதும் வெளியே தெரியும் பழைய பானை ஓடுகளையும் காட்டினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்!

வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது எங்களுக்குப் பழக்கமில்லை. புறப்படும் காலை, எள்ளுப்பாகுப் பொதியை, வான் வண்டியில் ஏற்றியிருந்த அவர்களுடைய திறந்த பைக்குள் வைக்கப் போனேன். உள்ளே, துவாயில் சுற்றியபடி ஒரு கறுப்புச் சிவப்புப் பானை விளிம்பு.  ஓடிப்போய் வாசல் படலையை மறித்து, வண்டிக்கு முன்னால் நின்று, உள்ளே ஏறியிருந்த குடும்பத் தலைவரிடம் சொன்னேன்.

"பானை ஓட்டை வைச்சிட்டுப் போங்கோ, தம்பி."

"நீங்கள்தானே அக்கா காட்டினனீங்கள்?"

"ஓம், காட்டினது என்ரை பிழைதான். கொண்டுபோகச் சொன்னனானே?"

"அங்கை கண்ணாடிப் பெட்டியில வைப்பம். இஞ்சை மாடெல்லே மிதிக்குது!"

"மிதிக்கட்டும். எங்கடை மாடு, எங்கடை மண்."

என் கணவர், விடு விடு என்று கண்ணைக் காட்டினார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது, இங்கேதான் இருந்தோம் என்பதற்குக் காணி உறுதிப் பத்திரம் கேட்டு அதிகாரிகள் எங்களை அலைய வைத்தார்கள். அது எரிந்த வீட்டோடு போயிருந்தது. இனி எங்களுக்கு இருக்கும் உறுதி இந்த மண்ணில் கிடக்கும் ஓடுகள்தான் என்று அந்தத் தம்பியிடம் சொன்னேன். படலையை விட்டு நகரவில்லை.

அவர் இறங்கி, பானை ஓட்டை எடுத்து மதில்மேல் வைத்துவிட்டு ஏறினார். வீட்டுக்காரி விருந்தாளிகளைக் கள்ளராக நடத்துகிறாள் என்று அன்றே எழுதியும் விட்டார். இரண்டு மாதம் ஒருவரும் வரவில்லை. என் கணவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்தப் பானை ஓட்டைத் திட்டியிலேயே கொண்டுபோய் வைத்தேன். இப்போதும் ஆட்கள் வருகிறார்கள், காட்டத்தான் செய்கிறேன். ஆனால் பிழைப்புக்காக எவ்வளவும் சிரிக்கலாம், வாயை மூடிக்கொண்டு வழிவிட மட்டும் என்னால் முடியாது என்பதை அந்தக் காலையில்தான் நானே அறிந்துகொண்டேன்.