தூளியும் பத்து டிகிரியும்

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விசையைக் கூறுபோட்டுக் காட்டுவதைத் தொழிலாக வைத்திருப்பவர்கள் சொந்த வீட்டில் ஒரு பொருளைக்கூட நிம்மதியாகத் தொங்கவிட முடியாது. கூடவே கைக்குழந்தையும் வாய்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆளுக்கு மூன்று கிலோ

பேறுகால விடுப்பு முடிந்து நான் பள்ளிக்குத் திரும்ப இரண்டு நாள் இருந்தது. அறுவடை முடிந்து வீட்டிலிருந்த என் கணவர், "பாப்பாவை நான் பார்த்துக்கறேன்" என்றார். புது வீட்டுக் கூரையில் கொக்கி கிடையாது. அதனால் எதிரெதிர்ச் சுவர்களில் கொக்கி அடித்து, சேலையை விறைப்பாக இழுத்துத் தூளி கட்டினார். கீழே டைல்ஸ் தரை. பாப்பாவுக்கு ஒரு சிராய்ப்பு என்றாலும் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

நோட்டை எடுத்தேன். மகள் ஆறு கிலோ. சேலை கிடைமட்டத்தோடு பத்து டிகிரி. காஸ் தீட்டா போட்டுப் பார்த்தால் ஒரு கொக்கிக்கு மூன்று கிலோ இழுவைதான் வந்தது. கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஆறை ரெண்டா வகுக்க ரெண்டு பக்கமா, டீச்சரம்மா?"

எட்டப் போ

வகுப்பில் முதல் பாடமே விசையின் கூறுகள். சேற்றில் சிக்கிய அறுப்பு மெஷினை இரண்டு வரப்பிலிருந்து இரண்டு டிராக்டர்கள் கயிறு கட்டி இழுக்கும் படத்தைப் போட்டேன். முன்னால் இழுக்கும் கூறு, பக்கவாட்டில் போகும் கூறு என்று பிரித்துக் காட்டி, முன்னால் இழுப்பது கூட வேண்டுமென்றால் என்ன செய்யலாம் என்றேன். வலங்கைமான் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் கௌசல்யா எழுந்தாள்.

"கயிறை நீளமா விட்டாக் கோணம் குறையும் மிஸ். டிராக்டர் ஓட்டுற எங்கப்பா கோணம்னெல்லாம் சொல்ல மாட்டாரு, 'எட்டப் போடா'ம்பாரு."

தரையிலிருந்தா, மேலேயிருந்தா

பத்து நாள் கழித்து, யார் வீட்டுத் தூளி என்று சொல்லாமல் அதையே கணக்காகப் போட்டு, காஸ் வைத்து மூன்று கிலோ என்று முடித்தேன். நான் படித்த கான்வென்டில் இயற்பியல் எடுத்த சிஸ்டர் "கோணம் எங்கேயிருந்து?" என்று கேட்காமல் விடைத்தாளைத் தொடவே மாட்டார். அன்று அதைக் கேட்டது கௌசல்யா. "மிஸ், கோணம் தரைக்கோட்டிலேர்ந்து எடுத்திருக்கீங்க. பாப்பாவைத் தூக்கிப் பிடிக்கிறது சைன் கூறுதானே?"

போட்டுப் பார்த்தேன். ஒரு கொக்கிக்குப் பதினேழு கிலோ. அது வெறும் கணக்கு என்று நினைத்த வகுப்பு சிரித்தது. சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். நாலு தடவை மணி அடித்த பிறகுதான் கணவர் போனை எடுத்தார். "என்னங்க, பாப்பாவை உடனே தூளியிலேர்ந்து எடுங்க" என்றேன். அவர் மெதுவாகப் பேசினார், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி.

"தூளியில எங்க போட்டேன்? நீ ஸ்கூலுக்குப் போன மொத நாளே கொக்கி கிறீச்சுனுச்சு. அதுலேர்ந்து மடியிலதான் வெச்சிருக்கேன். சொன்னா நீ வேலையை விட்டுடுவியே."

இப்போது சேலை நன்றாகத் தழைந்து, கோணமெல்லாம் சரியாகத்தான் தொங்குகிறது; மடிக்குப் பழகிவிட்ட மகள்தான் அதில் படுக்க மாட்டேன் என்கிறாள்.